யார்க்கில் மின்ஸ்டரை எடுத்தாயிற்று, அப்புறம்?

கேள்வி, 2 மார்ச் 2025

ஏப்ரலில் மகள் வீட்டுக்கு லீட்ஸ் வருகிறேன். யார்க்கில் இரண்டு நாள் கேமராவோடு சுற்றலாம் என்று இருக்கிறேன். மின்ஸ்டர் பேராலயம், ஷாம்பிள்ஸ் தெரு, கோட்டை மதில், கிளிஃபோர்ட்ஸ் டவர், இந்த நாலும் போதும் என்பது என் கணக்கு. இந்தக் குழுவில் சிலர் தபால் பெட்டி, பழைய சுவர் விளம்பரம், தெருப்பலகை என்று எடுத்துப் போடுகிறீர்கள். பாரம்பரியம் என்றால் பேராலயம். தபால் பெட்டியில் என்ன பாரம்பரியம் இருக்கிறது?

பதில், 2 மார்ச், இரவு

நாலையும் எடுங்கள் ஐயா, யார் வேண்டாம் என்றது. மின்ஸ்டரைப் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் 1854-லேயே எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்காத ஆள் கிடையாது. நீங்கள் எடுக்காமல் விட்டாலும் மின்ஸ்டருக்குப் படம் குறையாது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குவீன் ஸ்ட்ரீட் பாலம் என்று ஒன்று இருந்தது. பழைய நிலையத்துக்குப் போகும் தண்டவாளத்தைத் தாண்ட 1870களில் கட்டியது. தண்டவாளம் போன பிறகும் பாலம் மட்டும் மதிலை மறைத்துக்கொண்டு நின்றது. 2024-இல் இடித்தார்கள். இடித்தது நல்லதற்குத்தான், இப்போது மதில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் தினமும் பஸ்ஸில் போன ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேரிடம் அதன் படம் ஒன்று இருக்கிறது என்று. அந்த மாதிரிச் சாமான்களைத்தான் நான் துரத்துகிறேன்.

3 மார்ச்

நேற்று அவசரமாக எழுதியது. மின்ஸ்டரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அதை மதிக்காத ஆள் போல ஆகிவிடும்.

யார்க்கின் அடியில் கி.பி. 71-இல் ரோமானியர் போட்ட கோட்டை இருக்கிறது. ஸ்டோன்கேட், பீட்டர்கேட் இரண்டும் அந்தக் கோட்டைக்குள் ஓடிய தெருக்களின் தடத்திலேயே போகின்றன. மின்ஸ்டரோ கிறிஸ்தவ வழக்கப்படி கிழக்கு மேற்காக நிற்கிறது. ரோமானியத் தெருக்கள் அதற்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வு. அதனால்தான் எந்தத் தெருவில் வந்தாலும் பேராலயம் ஒரு தோளைக் காட்டிக்கொண்டு குறுக்காக நிற்கிறது, நேர் முகமாகக் கிடைப்பதே இல்லை. நேராக வேண்டுமென்றால் டன்கோம்ப் பிளேஸ் போகவேண்டும். அது 1860களில், மேற்கு முகப்பு தெரியட்டும் என்று குறுகலான பழைய தெருவை அகலப்படுத்தித் திறந்த இடம். ஆகவே அந்தப் பிரபலமான நேர்முகப் படம் இடைக்காலத்துக் கண் பார்த்ததே இல்லை, விக்டோரியா காலத்தவர் நமக்குச் செய்து கொடுத்த காட்சி அது. எனக்கு ஸ்டோன்கேட்டின் வளைவிலிருந்து துண்டு துண்டாகத் தெரிவதுதான் பிடிக்கும். கடைப் பலகைகளுக்கு நடுவே வெள்ளைக் கல் எட்டிப் பார்க்கும்.

கல் என்றதும் ஞாபகம் வருகிறது. அது டாட்காஸ்டர் பக்கத்து மெக்னீசியச் சுண்ணாம்புக்கல். மேகமூட்டத்தில் சாம்பல், மாலை வெயிலில் வெண்ணெய் நிறம். கேமரா தானாக நிறம் சரிசெய்தால் அந்த வெண்ணெயை வெளுத்துவிடும். ஒயிட் பேலன்ஸை வெயில் என்று பூட்டிவிட்டு எடுங்கள்.

3 மார்ச், சற்றுப் பிறகு

உள்ளே போனால் தெற்குக் குறுக்குக் கூடத்தில் நிமிர்ந்து பாருங்கள். 9 ஜூலை 1984 அதிகாலை அந்தக் கூரை எரிந்து விழுந்தது, மின்னல் தாக்கியது என்பதே பெரும்பாலானவர் கருத்து. ரோஜா வடிவச் சன்னலின் கண்ணாடி ஏறக்குறைய 40,000 இடங்களில் விரிசல் விட்டும் கீழே கொட்டாமல் நின்றது. கூரையைத் திரும்பக் கட்டியபோது குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களில் வைக்கும் மரச் செதுக்குக் குமிழ்களில் ஆறுக்கு பிபிசி சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் போட்டி வைத்து, பிள்ளைகளின் வடிவங்களையே செதுக்கினார்கள். நிலவில் கால் வைத்த மனிதன் அங்கே இருக்கிறான். பதிமூன்றாம் நூற்றாண்டுக் கூடத்துக்கு மேல் விண்வெளி வீரன்! கொஞ்சம் நீளமான லென்ஸ் வேண்டும். முக்காலி போடுவதானால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தூணில் சாய்ந்து மூச்சை அடக்கி எடுத்தாலே போதும்.

5 மார்ச்

சரி, தபால் பெட்டி. இரும்பு உடம்பில் அந்தந்த அரசரின் முதலெழுத்து வார்த்திருக்கும். வி.ஆர். என்றால் விக்டோரியா. வெறும் ஜி.ஆர். என்றால் ஐந்தாம் ஜார்ஜ், அவருக்கு எண் போடவில்லை. ஆறாம் ஜார்ஜுக்கு நடுவில் ஆறு உண்டு. 1936-இல் ஒரு வருடம்கூட ஆளாமல் முடிதுறந்த எட்டாம் எட்வர்டுக்கும் கொஞ்சம் பெட்டிகள் வார்த்துவிட்டார்கள், இங்கிலாந்து முழுக்க அவற்றைத் தேடி அலையும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாம் சார்லஸின் எழுத்து 2024-இல்தான் தெருவுக்கு வந்தது. ஒரு நகரத்தில் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், எந்தப் பேட்டையில் எப்போது வீடு பெருகியது என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். இது பாரம்பரியம் இல்லையா?

எடுக்கும்போது பெட்டியை மட்டும் நெருக்கி எடுக்காதீர்கள். பின்னால் இருக்கும் வீட்டு வரிசையும் வரட்டும். எழுத்தை நெருங்கி ஒன்று, இடத்தோடு ஒன்று.

9 மார்ச்

பைல் பீன்ஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள். லார்ட் மேயர்ஸ் வாக்கில் ஒரு வீட்டின் பக்கச் சுவர் முழுக்க எழுதியிருக்கும் விளம்பரம் அது. இரவில் பைல் பீன்ஸ் சாப்பிடுங்கள், ஆரோக்கியமாக, கண் பளிச்சென்று, ஒல்லியாக இருப்பீர்கள் என்பது வாசகம். மலமிளக்கி மாத்திரைதான். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மூலிகை ரகசியம் என்று சொல்லி விற்றார்கள். அந்தக் கதை புளுகு என்று ஸ்காட்லாந்து நீதிமன்றம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல்லியும் வியாபாரம் பல பத்தாண்டுகள் ஓடியது.

தெருவில் நின்று பார்ப்பதைவிட, பூத்தம் பாரிலிருந்து (பார் என்றால் இங்கே மதில் வாயில்) மங்க் பாருக்குப் போகும் மதில் மேல் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் மின்ஸ்டர், அந்தப் பக்கம் மலமிளக்கி. இரண்டும் ஒரே ஊர்.

எழுத்து மங்கிப்போனதால் 2012-இல் திரும்ப வண்ணம் அடித்தார்கள். அதனால் இது பழையதா புதியதா என்று இங்கே முன்பும் சண்டை வந்திருக்கிறது. என் கருத்து, அடித்திருக்கவே கூடாது என்று முதலில் இருந்தது. மங்கலான எழுத்தில்தான் காலம் தெரியும் என்று வாதாடினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். மின்ஸ்டரின் கல்லையே வருடக்கணக்காகச் செதுக்கி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு யாரும் குறை சொல்வதில்லை. பேராலயத்துக்கு ஒரு நியாயம், மாத்திரை விளம்பரத்துக்கு ஒரு நியாயமா? அந்தத் தெருக்காரர்களுக்கு அது வேண்டியிருந்தது, காப்பாற்றினார்கள். ஆனால் 2012-க்கு முன் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். அந்த மங்கல் இனி சுவரில் கிடையாது, உங்கள் படத்தில்தான் இருக்கிறது.



 

14 மார்ச்

மதில் 3.4 கிலோமீட்டர். ஏப்ரல் என்றால் மதிலின் மண்சரிவில் டாஃபடில் மஞ்சள் இன்னும் இருக்கும், எல்லோரும் எடுக்கும் படம், நீங்களும் எடுங்கள், அழகுதான். நான் சொல்ல வந்தது வேறு. 1800 வாக்கில் நகராட்சியே இந்த மதிலை இடிக்க அனுமதி கேட்டது. பராமரிப்புச் செலவு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற அதே பழைய காரணங்கள். வாயில்களின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த தடுப்புக் கட்டடங்களை மூன்று இடத்தில் எடுத்தே விட்டார்கள், வால்ம்கேட் பாரில் மட்டும் மிஞ்சியது. யார்க்கில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி முதலானவர்கள் கூச்சல் போட்டிராவிட்டால் பூத்தம் பாரும் போயிருக்கும். இன்று நாம் தொட்டுக் கும்பிடுகிற கல் அன்றைக்கு இடைஞ்சல். குவீன் ஸ்ட்ரீட் பாலத்தை எதற்காகச் சொன்னேன் என்று இப்போது விளங்கும்.

15 மார்ச்

"அப்படியானால் எல்லாவற்றையும் இடிக்காமல் வைக்கவேண்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். அப்படிச் சொல்லவில்லையே. எதை இடிப்பது என்பது ஊரார் முடிவு. இடிப்பதற்கு முன் நாலு படம் இருக்கட்டும் என்பது என் கட்சி.

1941-இல் ஜெர்மன் குண்டுவீச்சின் நடுவே இங்கிலாந்து செய்த காரியம் அதுதான். நேஷனல் பில்டிங்ஸ் ரெக்கார்ட் என்று ஒன்றைத் தொடங்கி, விழுவதற்கு முன் கட்டடங்களைப் படமெடுத்து வைக்க ஆட்களை அனுப்பினார்கள். யார்க்குக்கு அந்த நாள் 29 ஏப்ரல் 1942 அதிகாலை வந்தது. கில்ட்ஹால் எரிந்தது, கோனி ஸ்ட்ரீட்டில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் எரிந்தது.

அந்தத் தேவாலயத்துக்கு நீங்கள் கட்டாயம் போகவேண்டும். தெருவுக்கு மேல் கை நீட்டினாற்போல ஒரு பெரிய கடிகாரம் தொங்கும். அதன் உச்சியில் கடற்படை உடுப்பில் ஒரு சின்ன மனிதர், 1778-இல் வைத்தது, செக்ஸ்டன்ட் கருவியைக் கண்ணில் வைத்துச் சூரியனை அளந்துகொண்டிருப்பார். லிட்டில் அட்மிரல் என்பார்கள். கீழே துணிக்கடை, போன் கடை, பை தூக்கிய கூட்டம். யாரும் நிமிர்வதில்லை. நான் எதிர்ப்பக்கக் கடை வாசலில் நின்று, மேகம் விலகி அவர் முகத்தில் வெயில் படும்வரை காத்திருந்து எடுப்பேன். உள்ளே 1437 வாக்கிலான பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. போர் வந்ததும் முன்னெச்சரிக்கையாகக் கழற்றி வைத்ததால் பிழைத்தது. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பேஸ் 1968-இல் தேவாலயத்தைப் புதுப்பித்தபோது எரிந்ததை எல்லாம் திரும்பக் கட்டாமல், ஒரு பகுதியை வெட்டவெளியாகவே விட்டுவிட்டார். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். கருகிய கல்லும் புதுக் கல்லும் சேரும் இடத்தை நெருங்கி எடுங்கள்.

22 மார்ச்

ஷாம்பிள்ஸ் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், நான் சுருக்கிவிடுகிறேன். காலையில் போங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாக் கூட்டம்தான் தெரியும். மாடிகள் முட்டிக்கொள்ளும் அந்தப் படத்தை எடுத்து முடித்ததும் கண்ணைக் கீழே இறக்குங்கள். கசாப்புக் கடைக்காரர்கள் இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன, சன்னலுக்கு வெளியே இறைச்சி பரப்பிய அகலப் பலகைகளும் இருக்கின்றன. கொக்கியின் உள்வளைவு தேய்ந்து பளபளப்பாக இருக்கும், அந்தத் தேய்மானம்தான் படம்.

அதைவிட அமைதியான இடம் கூட்ராம்கேட். லேடி ரோ என்ற வீட்டு வரிசை, 1316. அதன் பின்னால் ஒரு சின்ன வாசல் வழியாக ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போகலாம். பெட்டி போன்ற மர இருக்கைகள், சரிந்த தரை. மின்விளக்கு இல்லாத மங்கலில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றிவிட்டு எடுங்கள், கொஞ்சம் புள்ளி விழுந்தால் பரவாயில்லை.

23 மார்ச்

ஒருவர் தனியாகக் கேட்டார், கடை முகப்புகளை எடுத்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று. பொது இடத்தில் நின்று கட்டடத்தை எடுப்பதற்குத் தடை இல்லை. 1988-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு கட்டடங்களுக்கும், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பங்களுக்கும் விலக்கு தருகிறது. சுவரோவியம் அந்த விலக்கில் வராது, புதிய சுவரோவியப் படத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் கவனம். என் அனுபவத்தில் சட்டத்தைவிட முகம்தான் முக்கியம். மிக்கிள்கேட் சரிவில் ஒரு கடையில் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றியிருந்தார்கள், அடியில் பழைய கடைக்காரர் பெயர் கையால் எழுதிய எழுத்தில், பொன் நிறம் அங்கங்கே ஒட்டிக்கொண்டு. ஏணியில் இருந்தவர் என்ன வேண்டும் என்று அதட்டினார். எதற்கு எடுக்கிறேன் என்று சொன்னதும் ஏணியை நகர்த்திக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது புதுப் பலகை ஏறியிருந்தது. எழுத்து அதன் அடியில் இருக்கிறதா, சுரண்டிவிட்டார்களா என்று வெளியே இருந்து சொல்லமுடியாது.

30 மார்ச்

வெளிச்சம். இன்றோடு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டது, மாலை நீண்டுவிட்டது. யார்க் 54-ஆவது அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில்கூட சூரியன் 13 டிகிரிக்கு மேல் ஏறாது. சந்துகளில் வெயில் விழாது, ஆனால் விழும் இடத்தில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு செங்கல்லையும் எழுப்பிக் காட்டும். தேய்ந்த கல்வெட்டுக்கும் சுவர் எழுத்துக்கும் குளிர்காலம்தான் சிறந்தது. ஜூன் என்றால் ஒன்பதரைக்குத்தான் இருட்டத் தொடங்கும், சூரியன் வடமேற்கில் இறங்கும், மின்ஸ்டரின் வடபக்கத்துக்கு வருடத்தில் அப்போதுதான் வெயில். அந்த வடபக்கத்துப் பூங்காவான டீன்ஸ் பார்க் பூட்டும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6 ஏப்ரல்

ஆற்றங்கரையை விட்டுவிட்டேன் என்று சொல்கிறார்கள், சரிதான். கிங்ஸ் ஸ்டெய்த்தில் கிங்ஸ் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடை, ஊஸ் ஆறு பொங்கும்போதெல்லாம் பத்திரிகையில் வரும். வெள்ளத்தில் நிற்கிற கடையை ஊரே எடுக்கும். நான் தண்ணீர் வடிந்த பிறகு போவேன். உள்ளே வாசலருகில் எந்த வருடம் எவ்வளவு உயரம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். நவம்பர் 2000-இல் ஆறு வழக்கமான மட்டத்துக்கு மேல் 5.4 மீட்டர் ஏறியது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து எடுத்தால்தான் அந்த எண்ணின் கனம் விளங்கும்.

உயரம் என்றதும் இன்னொன்று. பழைய தேவாலயச் சுவர், பாலத் தூண் போன்றவற்றில் முழங்கால் உயரத்தில் பாருங்கள். ஒரு கிடைக்கோடு, அதன் அடியில் மேல்நோக்கிய அம்பு. பிரிட்டனின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே ஆட்கள் நில மட்டம் அளக்க உளியால் வெட்டிய குறி. செயற்கைக்கோள் வந்தபின் யாருக்கும் அது தேவையில்லை, பராமரிப்பதும் இல்லை. சுவரைப் புதுப்பிக்கும்போது சிமென்ட் பூசி மூடிவிடுகிறார்கள். பிள்ளைகளோடு போனால் தேடச் சொல்லுங்கள், அவர்கள் கண் சரியான உயரத்தில் இருக்கிறது.

7 ஏப்ரல்

குறிப்பு எழுதுவது பற்றி. இது படத்தைவிட முக்கியம் என்றே நினைக்கிறேன். தெருவின் பெயர், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, தேதி. மூன்றும் இல்லாவிட்டால் ஐம்பது வருடம் கழித்து அது வெறும் செங்கல் படம். யார்க்கில் மருத்துவராக இருந்த எவ்லின் என்பவர், 1891-இல் இந்த ஊருக்கு வந்தவர், பழைய படங்களையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் சேர்த்து, விளக்கு வைத்துத் திரையில் காட்டிப் பேசினார். எது போய்விட்டது, எது போகப்போகிறது என்று காட்டுவதுதான் அவர் பேச்சு. அவர் சேர்த்தது இன்றும் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பயன்படுகிறது, காரணம் எது எந்த இடம் என்று தெரிகிறது.

இப்போது நம்மைப்போன்ற ஆட்களுக்கு ஜியோகிராப் என்ற இணையதளம் இருக்கிறது, 2005-இல் தொடங்கியது. பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் படம் சேர்க்கிறார்கள். சதுர எண் கொடுக்காமல் ஏற்றமுடியாது, அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

19 ஏப்ரல்

ஐயா வந்துவிட்டார், நாளை யார்க்கில். மதில் சுற்றில் லேயர்தார்ப் பக்கம் திடீரென்று முடிந்துவிடுகிறதே, அங்கே என்ன எடுப்பது என்று கேட்கிறார். அங்கே இடைக்காலத்தில் மதிலே கட்டவில்லை. ஃபாஸ் ஆற்றைத் தேக்கியதால் உண்டான சதுப்பும் மீன் ஏரியுமே காவலாக இருந்தன. அந்த வெறும் இடத்தை இப்போது சாலையும் சூப்பர்மார்க்கெட்டும் நிரப்பிவிட்டன. பெரும்பாலானவர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு விறுவிறுவென்று கடப்பார்கள். நீங்கள் எடுத்து வையுங்கள். மதில் திரும்பத் தொடங்கும் இடத்தில் ரெட் டவர், மதில் முழுவதிலும் செங்கல்லால் கட்டியது அது ஒன்றுதான். சாலைக்கு அந்தப் பக்கம் வானத்தைத் தொடுகிற தனிப் புகைபோக்கி நிற்கும், நகரத்துக் குப்பையை எரித்த காலத்தது, 1899. சுற்றிலும் இருந்த கட்டடங்கள் போய்விட்டன, இது மட்டும் பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் ஏறியதால் பிழைத்தது. மாலை நாலு மணிக்கு மேல் வெயில் அதன் மேல் விழும். போன் கேமராவின் வைட் லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் சாய்ந்து விழுகிறாற்போல் வரும், தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கார் நிறுத்துமிடத்தை வெட்டாதீர்கள், வண்டிகளும் படத்தில் இருக்கட்டும்.